மஞ்சள் அட்டை, நீல அட்டை

மெர்ரிடன், அயோவா
8 பிப்ரவரி 1987, ஞாயிறு

மார்லிஸ் அக்கா,

நீ ஆசிரியர் பயிற்சிக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறது. நீ மூன்று கடிதம் போட்டுவிட்டாய், நான் ஒன்றுகூடப் போடவில்லை. திட்டு. ஆனால் இதை முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு.

நம் மாணவியர் சங்க வீடு அப்படியேதான் இருக்கிறது. நாற்பத்திரண்டு பெண்களுக்கு ஒரே ஒரு தொலைபேசி, அதுவும் ரோண்டாவின் காதில். மேல்மாடிக் கூடத்தில் பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவதி விதி போட்டாளோ, நேற்று என் போர்வையின் விளிம்பில் பனி இருந்தது. விடுதியம்மா திருமதி ஆஸ்ட்ராண்டர், அது நுரையீரலுக்கு நல்லது என்கிறார். அவர் மட்டும் கீழே கணப்பு அடுப்பு உள்ள அறையில் படுக்கிறார்.

சரி, நீ கேட்க நினைப்பதைச் சொல்கிறேன். போன பருவத்தில் என் மதிப்பெண் சராசரி நாலுக்கு இரண்டரை என்பதற்குக் கீழே போனதால் ஏப்ரல் பதினொன்றில் என்னைச் சங்கத்தில் சேர்ப்பதற்கு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். வசந்த விடுமுறைக்குள் மஞ்சள் அட்டையில் நாற்பது மணி படிப்பு, நீல அட்டையில் பதினைந்து மணி தொண்டு. புதிதாகச் சேரும் எல்லாப் பெண்களின் அட்டைகளும் சமையலறை நடையில் பலகையில் குத்தியிருக்கின்றன. யாரும் சரிபார்ப்பதில்லை, அவரவர் மனசாட்சிப்படி எழுத வேண்டியது. காலையில் உணவுக்கூடத்தில் தட்டுக் கழுவப் போகிறேன், மதியம் வேதியியல் ஆய்வகம். எங்கிருந்து வரும் ஐம்பத்தைந்து மணி நேரம் என்று முதல் வாரம் அழுதேன். இப்போது அழவில்லை. ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். என்ன வழி என்று கேட்காதே.

இந்த வருஷம் நம் வீட்டின் தொண்டு என்ன தெரியுமா? பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களைக் கேசட்டில் படித்துப் பதிவுசெய்வது. மாநில நூலகம் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்க்கிறது. எனக்கு விழுந்தது எது? அமெரிக்க வரலாறு. போன பருவத்தில் என் கழுத்தை அறுத்த, இந்தப் பருவமும் தொடர்கிற அதே தடிப்புத்தகம். துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறேன். அங்கே ரோண்டாவின் குரல் கேட்காது.

செப்டம்பரில் மஞ்சள் கம்பளி நூலைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேனே, நினைவிருக்கிறதா? அந்த நூல் மறுமுனையில் யாரிடம் போய் முடிகிறதோ அவள்தான் என் அக்கா என்றார்கள். கொதிகலனைச் சுற்றி, திருமதி ஆஸ்ட்ராண்டரின் நாய்க்கு அடியில் நுழைந்து, கடைசியில் பார்த்தால் நீ குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாய். "இவ்வளவு நேரமாடி? பொரியே தீந்துபோச்சு" என்றாய். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அன்றைக்குத்தான் ஒருத்தி என்னைக் கோபித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

சேர்க்கையன்று அக்காவின் சங்கப் பேட்ஜைத்தான் தங்கைக்கு முதலில் குத்துவார்கள். ஏப்ரல் பதினொன்றுக்கு நீ வருகிறாய் அல்லவா? மே மாதம் நீ பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவாய். அதற்குள் நடந்துவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உன் தங்கை,
கோராலி


டன்பர்க்
17 பிப்ரவரி, செவ்வாய்

அடி கோராலி,

முழுசாகப் படித்துவிட்டேன். இப்போது திட்டுகிறேன். ஐந்து வாரம்! நான் இங்கே ஒரு பல் மருத்துவர் வீட்டின் பின்னறையில், சுவரெங்கும் வாத்துப் படங்களுக்கு நடுவே, தபால்காரனை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். உனக்குக் கைவலியா?

திட்டி முடித்தாயிற்று. இப்போது கேள். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேள்.

என் வகுப்பில் ட்வைலா என்று ஒரு பெண். பதினேழு வயது, பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. என் பாடத்தில் நான் தப்பு விட்டால் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான், அதை இருபத்தெட்டுப் பேர் முன்னால் சொல்லவும் செய்வாள். கல்லூரிப் பாடத்துக்கான தேர்வை இப்போதே எழுதிவிட வேண்டும் என்று வரலாறு படிக்கிறாள். போன வியாழன் மதிய உணவு வேளையில் கேசட் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சில்லி என்கிற கறிக்குழம்பில் சினமன் ரோல் இனிப்பு ரொட்டியை முக்கிக்கொண்டு பக்கத்தில் போகிறேன், உள்ளேயிருந்து வருகிறது உன் குரல்!

"பதினான்காம் அத்தியாயம்" என்கிறாய். ஒரு பத்தி படிக்கிறாய். அப்புறம், "இருங்க, இது எனக்கே புரியலை. இன்னொரு தடவை படிக்கிறேன்" என்கிறாய். ரோல் நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. ட்வைலாவிடம், இவள் என் தங்கை என்றேன். அவள் நம்பவில்லை. "உங்க தங்கச்சின்னா எப்படி இவ்வளவு பொறுமை?" என்று கேட்டாள்.

மற்றவர்கள் படித்த கேசட்டெல்லாம் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். உன்னுடையதை மட்டும் தேய்ந்துபோகும்வரை கேட்கிறாள். போன தேர்வில் வகுப்பிலேயே முதலிடம். நான் அவளை உட்காரவைத்து, அவள் சொல்லச் சொல்ல நன்றிக் கடிதம் ஒன்று எழுதி, நேராக நம் தலைவி ஜார்ஜெட்டுக்கு அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை இரவு விருந்தில் எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். நீ அழுவதைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்று இருக்கிறது.

ஏப்ரலில் நான் வராமல் வேறு யார் வருவார்கள்? பேட்ஜைப் பல்பொடி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

மார்லிஸ்


மெர்ரிடன்
24 பிப்ரவரி, செவ்வாய்

மார்லிஸ் ஹாவர்காம்ப் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய கடிதம் நேற்று விருந்தில் படிக்கப்பட்டது. நீங்கள் கேட்டுக்கொண்டபடி எல்லோர் முன்னாலும்.

எல்லோரும் நல்ல உடை போட்டிருந்தோம். பாட்டு முடிந்து பச்சை ஜெல்லி வந்ததும் ஜார்ஜெட் எழுந்து படித்தாள். "இந்தக் கேசட்டில் படிக்கிற அக்காவுக்கு மறுநாள் பரீட்சை போலிருக்கிறது. தானும் படித்துக்கொண்டே எனக்கும் படிக்கிறார். புரியாத இடத்தில் நின்று, தனக்குத்தானே கேள்வி கேட்டு, பதில் கண்டுபிடித்த பிறகுதான் அடுத்த பக்கம் போகிறார். அவர் கூடவே உட்கார்ந்து நானும் படித்துத் தேறிவிட்டேன்." எல்லோரும் கைதட்டினார்கள். திருமதி ஆஸ்ட்ராண்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நானும் கைதட்டினேன், அது என் அட்டைகளைக் காட்டிக்கொடுக்கிறது என்று உறைப்பதற்குள்.

ரோண்டா மட்டும் கைதட்டவில்லை. ஒழுங்குக்குழுத் தலைவி அல்லவா. எழுந்து நடைக்குப் போய்ப் பலகையிலிருந்து என் இரண்டு அட்டைகளையும் எடுத்துவந்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிப்ரவரி இரண்டு, நான்கிலிருந்து ஆறு மணி, மஞ்சளில் படிப்பு. பிப்ரவரி இரண்டு, நான்கிலிருந்து ஆறு மணி, நீலத்தில் தொண்டு. இப்படிப் பதினெட்டு மணி நேரம். ஒரு மாதமாக அருகருகே தொங்கிக்கொண்டிருந்தன, ஒருத்திகூடப் பார்க்கவில்லை. ஒரே மணி நேரத்தை இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்பது விதி. எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரியும் என்றும் சொல்ல முடியவில்லை. நான் உண்மையிலேயே படித்தேன், உண்மையிலேயே பதிவும் செய்தேன். இதில் எந்தப் பாதி பொய்?

மார்ச் ஒன்பதாம் தேதி விசாரணை. அநேகமாக ஏப்ரலில் எனக்குச் சேர்க்கை இல்லை.

எனக்கு ஒன்றே ஒன்று புரியவில்லை. கேசட்டைக் கேட்டவுடனேயே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தேன். அட்டை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஐந்து வாரம் எழுதாத கோபத்தில் செய்தீர்களா? இல்லை, எனக்குப் பாடம் கற்பிக்கவா? சந்தோஷத்தில்தான் செய்தீர்கள் என்று ஒரு நிமிஷம் தோன்றுகிறது, அடுத்த நிமிஷம் தோன்றவில்லை.

கோராலி ஸ்ட்ரவுட்


டன்பர்க்
28 பிப்ரவரி, சனி

கோராலி,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை, வேறு யாருக்கோ எழுதியது தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். "அவர்களுக்கு" என்று போட்டிருக்கிறாய். "நீங்கள்" என்கிறாய். இதற்குப் பதில் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

என்னடி செய்தேன் நான்? ஒரு பெண் உன்னைப் புகழ்ந்தாள், அதை எல்லோர் காதிலும் போட்டேன். அதில் கண்ணி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் இருந்தவளுக்கு அட்டை நினைவு வருமா? நீ எழுதிய "வழி" என்பது தட்டுக் கழுவும் வேலையை விட்டுவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் நானே தடுத்திருப்பேன். இல்லை, தடுத்திருப்பேனா என்றும் இப்போது சந்தேகமாக இருக்கிறது.

சரி, இதையும் சொல்லிவிடுகிறேன், நேற்று முழுக்க இது என்னை அரித்தது. அந்தக் கடிதத்தை உனக்கே நேராக அனுப்பியிருக்கலாம் அல்லவா? ஏன் விருந்தில் படிக்கச் சொன்னேன்? "மார்லிஸ் வளர்த்த பெண்" என்று நாலு பேர் சொல்வார்கள் என்ற ஆசை இருந்திருக்கிறது. இருந்திருக்கிறதா என்ன, இருந்தது. உன் பெயரைச் சொல்லி எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன் போலிருக்கிறது.

நான் கெடுத்ததை நானே சரிசெய்கிறேன். இரண்டு அட்டையிலும் எழுதலாம் என்று அனுமதி கொடுத்தது நான்தான் என்று ஜார்ஜெட்டுக்கு எழுதப்போகிறேன். அக்கா சொன்னதைத் தங்கை கேட்டாள், அவ்வளவுதான். மே மாதம் போகப்போகிறவளை என்ன செய்துவிடுவார்கள்?

மார்லிஸ்


மெர்ரிடன்
4 மார்ச், புதன்

மார்லிஸ்,

அப்படி எழுதாதே. தயவுசெய்து.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் நீ எனக்காகப் பொய் சொன்னால் அதற்கு மேல் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போய்விடும்.

கோராலி


டன்பர்க்
6 மார்ச், வெள்ளி

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. ஜார்ஜெட்டுக்கு எழுதியதை நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். தபால் நிலையத்துக்கு ஓடிப்போய்த் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பையிலே விழுந்துட்டா அது அரசாங்கத்தோடதும்மா" என்றாள்.

இனிமேல் எனக்கு எதுவும் செய்யத் தோன்றவில்லை. திங்கட்கிழமை என்ன நடந்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

மா.


மெர்ரிடன்
10 மார்ச், செவ்வாய்

மார்லிஸ் அக்கா,

நேற்று முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்கும் அப்போதுதான் புரியும் என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டு அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் உன் கடிதத்தை ஜார்ஜெட் படித்தாள். நன்றாகத்தான் பொய் சொல்லியிருக்கிறாய், தேதியெல்லாம் போட்டு. எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. ரோண்டாகூட, அப்படியானால் விஷயம் முடிந்தது என்று பேனாவை மூடினாள். நான் பேசாமல் இருந்திருந்தால் முடிந்திருக்கும்.

"அவ சொல்லலை. நானாத்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் தானாகத் திறந்துகொண்டது. ஜார்ஜெட் உன் கடிதத்தை நாலாக மடித்துப் பாவாடைப் பையில் வைத்துக்கொண்டாள். "இந்தக் கடிதம் எனக்கு வரவே இல்லை. யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை என்றார்கள். அதனால் உனக்கு ஒன்றும் வராது, பயப்படாதே.

அப்புறம் ஒரு கேசட்டைப் போட்டார்கள். பதினாறாம் அத்தியாயம். என் குரலைக் கேட்க எனக்கே கூசியது. இருபது நிமிஷம் ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் நான், "மார்லிஸ் இருந்தா இதை ரெண்டு வரியில சொல்லிடுவா. அவ இல்லை. நாமதான் பாத்துக்கணும்" என்கிறேன். அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை, அக்கா. "நாம" என்று யாரைச் சொன்னேன்? துணி அடுக்கும் அறையில் நானும் போர்வைகளும்தான் இருந்தோம்.

ரோண்டாதான் வழி சொன்னாள். நீ நம்ப மாட்டாய், அவள் நல்லவள். ஒரு தாளில் எழுதினாள். இந்தக் கேசட்டுகள் என் சொந்தப் படிப்புக்காகச் செய்யப்பட்டவை, தொண்டாகச் செய்யப்பட்டவை அல்ல, இப்படிக்கு என்று. நான் கையெழுத்துப் போட்டால் மஞ்சள் அட்டை அப்படியே நிற்கும். நீல அட்டையில் பதினெட்டு மணியை அடித்துவிடுவார்கள், அதை அடுத்த பருவத்தில் செய்துகொள்ளலாம். ஏப்ரல் பதினொன்றில் சேர்க்கை. நீ வருவாய், பேட்ஜ் குத்துவாய், எல்லாம் நான் ஆசைப்பட்டபடி.

பேனாவை வாங்கிக்கொண்டேன். என் பெயரில் முதல் எழுத்தைக்கூடப் போட்டுவிட்டேன்.

அந்தத் தாளில் இருந்தது பொய் இல்லை. ஆரம்பித்தது எனக்காகத்தான். நேரம் மிச்சமாகும் என்றுதான் அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன், உன்னிடம் "எனக்கு விழுந்தது" என்று எழுதினேன். ஆனால் எனக்கு மட்டும் என்றால் புரியாத பத்தியைத் தாண்டிப் போயிருப்பேன். போன பருவம் முழுக்க அதைத்தான் செய்தேன், அதனால்தான் சராசரி விழுந்தது. யாரோ ஒருத்தி கேட்கப்போகிறாள் என்பதால்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுக்காகச் செய்யவில்லை என்று எப்படி எழுதிக்கொடுப்பது? "இதுல கையெழுத்துப் போட முடியலை, ரோண்டா. அந்தப் பொண்ணு கேட்டுக்கிட்டிருக்கா" என்றேன். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே தொண்டு நிற்கிறது, படிப்பு போயிற்று. மஞ்சள் அட்டையில் நாற்பதில் செல்லுபடியாவது இருபத்திரண்டு மணிதான், இன்னும் பதினெட்டு வேண்டும், விடுமுறைக்கு நான்கே நாள். சேர்க்கை அக்டோபருக்குத் தள்ளிப்போய்விட்டது.

இன்று காலை வரலாற்றுத் தேர்வு முடிவு ஒட்டினார்கள். வீட்டில் புதிதாகச் சேரும் பதினொரு பேரில் எனக்குத்தான் அதிகம். படிக்கவில்லை என்று அட்டை சொல்கிறது, படித்தேன் என்று பேராசிரியர் சொல்கிறார். இதற்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பலகைக்கு முன்னால் நின்றேன். அப்புறம் அழுதேன். சரியாகச் செய்தேனா என்று தெரியவில்லை, அக்கா. ஏப்ரலில் நீ வந்து நிற்கிற இடத்தை நானே கையால் தள்ளிவிட்டேன். அக்டோபரில் நீ எங்கே இருப்பாயோ.

உன் தங்கைதான்,
கோராலி


டன்பர்க்
22 மார்ச், ஞாயிறு

கோராலி,

பன்னிரண்டு நாளாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. சங்கத்தின் தேசிய அலுவலகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். படித்து முடித்ததும் பெருமைப்பட வேண்டுமா, உன் மண்டையில் குட்ட வேண்டுமா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. என் பொய்யை நீ ஏற்றுக்கொண்டிருந்தால் ஏப்ரலில் உனக்குப் பேட்ஜ் குத்தும்போது உன் முகத்தை நான் பார்த்திருக்க முடியாது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. உனக்கு உறைத்திருக்கிறது. நான்தான் உனக்கு வழிகாட்டி என்று வீட்டுப் பதிவேட்டில் இருக்கிறது, கேட்டுக்கொள்.

ட்வைலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், உனக்கு உருக்கமாக இன்னொரு கடிதம் சொல்லி எழுதச்சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கைவசம் இருந்த கேசட்டுகளைத் தடவி எண்ணினாள். அப்புறம், "சரி, பத்தொன்பதாம் அத்தியாயம் எப்போ வரும்? மே மாசம் பரீட்சை" என்றாள். ஆகவே படி. எந்த அட்டையிலும் இடம் இல்லாவிட்டாலும் படி, அவள் என்னை விடமாட்டேன் என்கிறாள். நீ நிறுத்தி யோசிக்கிற இடங்களை வெட்டிவிடாதே என்றும் சொல்லச் சொன்னாள்.

தேசிய அலுவலகத்துப் பதில் நேற்று வந்தது. பட்டம் வாங்கிப் போய்விட்ட அக்கா திரும்பி வந்து தன் பேட்ஜைத் தங்கைக்குக் குத்தலாமா என்று கேட்டிருந்தேன். ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி வளைத்துவிட்டு, தடை எதுவும் இல்லை என்று முடித்திருக்கிறார்கள். இந்தப் பள்ளியிலேயே எனக்கு வேலை கொடுக்கிறார்கள், வாத்துப் படங்களோடு இன்னும் ஒரு வருஷம். அக்டோபர் முதல் சனிக்கிழமை விடியற்காலைப் பேருந்தில் ஏறுகிறேன். சோளப்பொரி நீ வாங்கி வை.

வர நாலு மணி நேரம், திரும்ப நாலு மணி நேரம். அந்த எட்டு மணி நேரத்தை மஞ்சள் அட்டையிலும் எழுதாதே, நீல அட்டையிலும் எழுதாதே.

மார்லிஸ் அக்கா